கரைந்து மறையும் கருவி

வீடு கட்டுவோர் முதலில் சாரம் கட்டுவர். பணி முடிந்ததும் அதனைப் பிரித்துவிடுவர். மருத்துவத்திலும் இத்தகைய சாரங்கள் உண்டு. ஆனால், உடலினுள் கட்டிய சாரத்தைப் பிரித்தல் எளிதன்று.

இதய அறுவைக்குப்பின் சிலருக்குச் சில நாள்வரை துடிப்புத் தளர்ந்திருக்கும். குறையுள்ள இதயத்தோடு பிறந்து அறுவைக்கு உள்ளாகும் பச்சிளங் குழந்தைகளுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. அப்பொழுது மருத்துவர், மின்துடிப்பினால் இதயத்தை இயக்கும் ‘பேஸ்மேக்கர்’ என்னும் கருவியைத் துணைகொள்வர். மெல்லிய கம்பிகளை இதயத்தில் தைத்து, மார்பின் வழியே வெளிக்கொணர்ந்து, அக்கருவியுடன் இணைப்பர். இதயம் தேறியதும் அவற்றை இழுத்து எடுப்பர். அவ்வமயம் தசை கிழிந்து குருதி பெருகுதலும் உண்டு. சந்திரனில் முதன்முதல் அடிவைத்த நீல் ஆம்ஸ்டிராங்கிற்கு, 2012ஆம் ஆண்டில் இக்கம்பிகளை அகற்றியபின் உட்குருதிப் பெருக்கு உண்டாயிற்று. அவர் அதனின்றும் மீளவில்லை.

எடுக்கவே வேண்டாத கருவி ஒன்று இருப்பின் இவ்விடர் நேராதன்றோ? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஜான் ரோஜர்ஸ் முதலிய ஆய்வாளர், 2021ஆம் ஆண்டில் அத்தகைய பேஸ்மேக்கரைப் படைத்தனர். அதன் எடை அரைக் கிராமிற்கும் குறைவு. மக்னீசிய உலோகம் உடலின் நீரோடு கலந்து சிறிது சிறிதாக அழியும். கணிப்பொறிகளில் நெடுங்காலம் உழைக்கும் சிலிக்கனும், தலைமயிரினும் பன்னூறு மடங்கு மெல்லிய ஏடாக்கப்பட்டால், நாளடைவில் கரையும். மேலுறையோ, அறுவையில் பயன்படும் கரையும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்தது. ஏட்டின் பருமனைக் கூட்டியும் குறைத்தும் கருவியின் வாழ்நாளை வரையறுக்கலாம்.

2025ஆம் ஆண்டில் அவர்கள் அரிசியினும் சிறிய கருவியை வெளியிட்டனர். அதன் நீளம் 3.5 மில்லிமீட்டர், அகலம் 1.8 மில்லிமீட்டர். அதிலுள்ள இருவேறு உலோகங்கள் உடல்நீரில் தோய்ந்து தாமே மின்கலமாகின்றன. மார்பின்மேல் ஒட்டிய பட்டை, துடிப்புத் தளர்வதை உணர்ந்து அகச்சிவப்பு ஒளியை வீசும்; அவ்வொளி தசையை ஊடுருவிச் சென்று கருவியை இயக்கும். விலங்குகளிலும், கொடையாளர் அளித்த மனித இதயங்களிலும் இது சோதிக்கப்பட்டது.

காலத்திற்குமுன் கரைந்தால் உயிருக்கு ஊறு. காலம் கடந்தும் நின்றால் உடலுக்குச் சுமை. நெடுநாள் நிலைத்தலே பொருளுக்குச் சிறப்பென்று எண்ணுகிறோம். ஈண்டு, உரிய பொழுதில் உதவி, உரிய பொழுதில் மறைதலே சிறப்பாகின்றது.