டிராக்டர் ஏன் திணறியது?

மயிலாத்தாள் ஒரு விவசாயி. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே வசிக்கிறார். அவரிடம் பழைய டீசல் டிராக்டர் ஒன்று உண்டு.

மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது கடலை விதைக்க வேண்டும். ஆனால் டிராக்டர் மக்கர் செய்தது. நன்றாக ஓடும். திடீரென்று இஞ்சின் மிஸ் அடிக்கும். குலுங்கி நின்றுவிடும். சற்று நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடியும் ஓடும்.

"இஞ்சினை இறக்கிப் பார்க்கணும், அக்கா" என்றார் ஓட்டுநர். அதற்குப் பணம் வேண்டும். பல நாளும் ஆகும். ஈரம் காத்திருக்குமா?

மயிலாத்தாள் முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படித்தவர். "பொறு தம்பி. எப்போது மிஸ் அடிக்கிறது என்று எழுதிப் பார்ப்போம்" என்றார். நோட்டில் எழுதினார்.

திங்கள்: 40 நிமிடம் ஓடியது. நின்றது.
செவ்வாய்: 35 நிமிடம் ஓடியது. நின்றது.
புதன்: 2 மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை.

"புதன்கிழமை மட்டும் என்ன செய்தாய், தம்பி?"

"அன்று டீசல் டேங்க் மூடியைச் சரியாக இறுக்கவில்லை, அக்கா."

வியாழக்கிழமை மூடியை இறுக்கி ஓட்டினார்கள். மிஸ் அடித்தது. உடனே மூடியைத் தளர்த்தினார்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனது. இஞ்சின் சீராக ஓடியது.

காரணம் என்ன? மூடியில் சிறு காற்றுத் துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்தத் துளை வழியே காற்று உள்ளே போக வேண்டும். துளையைச் சேறு அடைத்திருந்தது. காற்று போகாததால் டீசல் இறங்கவில்லை. நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனது. அதனால் மீண்டும் ஓடியது.

இஞ்சினை நிறுத்தினார்கள். மூடியைக் கழுவினார்கள். துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்கள். செலவு ஏதும் இல்லை. ஈரம் காய்வதற்குள் விதைப்பு முடிந்தது.

மூடி சரியாக இருந்தும் மிஸ் அடிக்கிறதா? வரிசையாகப் பாருங்கள்.

1. டீசலில் தண்ணீர் கலந்துள்ளதா?
2. ஃபில்டர் அடைத்துள்ளதா?
3. குழாய் இணைப்பு தளர்ந்து காற்றுப் பிடித்துள்ளதா?
4. நாசில் பழுதா? இதை மெக்கானிக் பார்க்கட்டும்.

எச்சரிக்கை: இஞ்சின் ஓடும்போது நாசில் குழாய்க் கசிவைக் கையால் தொடாதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டீசல் அருகே பீடி பற்றவைக்காதீர்கள்.

பயிற்சி

1. புதன்கிழமை டிராக்டர் ஏன் நிற்கவில்லை?
2. மூடியில் துளை எதற்கு?
3. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் பொருள் எது? அது எப்போது பழுதாகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.