ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னும் பின்னும்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: நெகேமியா 1, 2, 3, 5 அதிகாரங்கள்; லூக்கா 14:25-33; மாற்கு 7:9-13



கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி நாள் இராத்திரி அர்ப்பணிப்பு ஜெபத்துக்கு அழைக்கும்போது, வாலிபர்கள் பலர் கண்ணீரோடு முன்னால் வருகிறார்கள். "பாஸ்டர், நான் வேலையை விட்டுடப் போறேன். சம்பளமே வேண்டாம். ஏழை ஜனங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று சொல்லுகிறார்கள். நல்ல தீர்மானம்தான். அந்தக் கண்ணீரை யாரும் அலட்சியம் பண்ணக்கூடாது. ஆனால் வருஷம் ஒன்று முடிவதற்குள் சிலர் வேலையும் இல்லாமல், ஊழியமும் இல்லாமல், வீட்டில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டாருக்குச் சபையின் மேலேயே கசப்பு உண்டாகிவிடுகிறது. சேவை செய்யப் போன கிராமத்திலோ, "இவங்களும் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க" என்று பேசிக்கொள்ளுகிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? வேலையை விடுவதையே நாம் பெரிய காரியமாக எண்ணிவிட்டோம். விடுவது ஒரு நாள் வேலை. ஒரு வெள்ளைத் தாளும் ஒரு கையெழுத்தும் போதும். அந்தக் கடிதத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் அர்ப்பணிப்பு விளங்குகிறது. இதை நெகேமியாவின் வாழ்க்கையிலிருந்து தியானிப்போம்.

நெகேமியா யார்? சூசான் அரமனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன் (நெகே. 1:11). அந்தக் காலத்தில் அதைவிடப் பாதுகாப்பான உத்தியோகம் வேறு என்ன இருக்கிறது? அரமனைச் சாப்பாடு, ராஜாவின் நம்பிக்கை, கை நிறைய வருமானம். அதை விட்டுத்தான் இடிந்துகிடந்த ஒரு ஊருக்குப் போனான்.

1. அழுதான், ஆனால் உடனே ஓடவில்லை

எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்று கேட்டபோது நெகேமியா உட்கார்ந்து அழுதான் (1:4). அது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் வாய் திறந்து பேசினதோ நிசான் மாதம் (2:1). நடுவில் ஏறக்குறைய நாலு மாதம்! உபவாசமும் ஜெபமும் யோசனையுமாய்க் காத்திருந்தான். நாலு மாதத்தில் ஆறிப்போகிற பாரம் தேவன் கொடுத்த பாரமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கவேண்டும்.

நம்முடைய தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. ஐடா ஸ்கடர் 1870-ல் இராணிப்பேட்டையில் மிஷனரி டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்சத்தையும் வியாதியையும் சிறுவயதிலேயே பார்த்ததால், "இந்தியா வேண்டாம், அமெரிக்காவில் நிம்மதியாக இருக்கலாம்" என்பதே அவர் ஆசை. தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இராத்திரியில் மூன்று வீட்டார் வந்து பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. டாக்டரான தகப்பனாரை அனுப்பலாமென்றால், ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூன்று வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இராத்திரி அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. ஆனால் மறுநாள் காலையிலேயே அவர் ஆஸ்பத்திரி திறக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1895-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் தகப்பனாரின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிற்று. அதே வருஷம் தகப்பனாரும் மரித்துப்போனார். ஆனாலும் 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழும்பிற்று. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி உண்டாயிற்று. இன்று நாம் சி.எம்.சி. என்று சொல்லுகிற வேலூர் ஆஸ்பத்திரியின் ஆரம்பம் இதுதான்.

அந்த மூன்று பெண்களுக்காக அழுதவர்கள் அன்று பலர் இருந்திருப்பார்கள். ஐடா கண்ணீரோடு நின்றுவிடாமல் படிக்கப் போனார். அன்பான வாலிபரே, ஏழைகளுக்கு உதவ உங்களுக்கு மனது இருக்கிறது, சந்தோஷம். கையில் என்ன தொழில் இருக்கிறது? நர்சிங்கா, கணக்கா, விவசாயமா, பாடம் சொல்லிக்கொடுக்கிறதா? தெரியாத கையோடு போனால் ஏழைகள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

2. விடை பெற்றுக்கொண்டு போனான்

ராஜா, "எத்தனை நாள் பிடிக்கும்?" என்று விசாரித்தபோது நெகேமியா ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னான் (2:6). வழிப்பயணத்துக்குக் கடிதங்களும், வாசல்களுக்கு மரமும் கேட்டு வாங்கினான் (2:7,8). "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டுச் சும்மா கிளம்பவில்லை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவரும் போதித்தாரே (லூக்கா 14:28). கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல.

இங்கே ஒரு காரியத்தை மறைக்காமல் பேசவேண்டியிருக்கிறது. நம்முடைய வீடுகளில் ஒருவருடைய சம்பளம் ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல. அப்பாவின் மருந்துச் செலவு, தங்கச்சியின் படிப்பு, வீட்டுக் கடனின் மாதத் தவணை எல்லாம் அதில்தான் நடக்கிறது. காணிக்கை என்று சொல்லித் தகப்பனையும் தாயையும் கைவிடுகிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாய்க் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-ம் அதிகாரத்தில் வாசியுங்கள். தியாகம் என்னுடையது, பட்டினி என் தாயாருடையது என்றால் அது தியாகமாகுமா? கடனைத் தீர்த்துவிட்டுப் போக இரண்டு வருஷம் ஆகுமானால், அந்த இரண்டு வருஷமும் ஊழியந்தான். கணவன் வேலையை விடுவதானால் மனைவியின் சம்மதம் வேண்டும். மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்கள் வாய் திறந்து சொல்லட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோரே, பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்றால், "ஊர் என்ன சொல்லும்? கல்யாண மார்க்கெட்டில் என்ன சொல்றது?" என்று மட்டும் பார்க்காதிருங்கள். ஊர் வாய்க்குப் பயப்படுவதைக் குடும்பப் பொறுப்பு என்று சொல்லமுடியாது.

3. இராத்திரியில் சுற்றிப் பார்த்தான்

எருசலேமுக்கு வந்தவுடன் நெகேமியா கூட்டம் போட்டுப் பேசவில்லை. மூன்று நாள் இருந்தான். பின்பு இராத்திரியில் சில பேரோடு புறப்பட்டு, எங்கே இடிந்திருக்கிறது, எங்கே வழியில்லை என்று கண்ணாலே பார்த்தான் (2:11-15). அதற்கப்புறந்தான், "கட்டுவோம் வாருங்கள்" என்று ஜனங்களை அழைத்தான்.

மகாராஷ்டிராவின் ஜாம்கேட் பகுதியில் ஊழியஞ்செய்த டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் அவர் மனைவி டாக்டர் மேபலும் இப்படிப்பட்டவர்கள். இருவரும் வேலூரில் படித்த கிறிஸ்தவ டாக்டர்கள். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்கள். அங்கேயே தங்கியிருந்தால் சுகமாய் வாழ்ந்திருக்கலாம். 1970-ல் பஞ்சத்துக்குப் பேர்போன ஜாம்கேட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற வியாதிகளில் பெரும்பாலானவை அசுத்தத் தண்ணீராலும் சத்துக்குறைவாலும் வருகிறவை என்று முன்னமே கண்டிருந்தார்கள். ஆகவே மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல் குடிதண்ணீருக்கு வழி செய்தார்கள். கிராமத்துப் பெண்களையே, எழுதப்படிக்கத் தெரியாதவர்களையும், தாழ்த்தப்பட்ட மக்களையும் சேர்த்து, சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. 1990-களில் அது 20-க்குப் பக்கத்தில் இறங்கிற்று. 1979-ல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது.

கவனியுங்கள்: டாக்டர் பட்டம் பெற்ற இருவர், படிக்காத பெண்களின் கையில் வேலையை ஒப்புவித்தார்கள். "நான்தான் செய்யணும், என் பேர்தான் வரணும்" என்றிருந்தால் இது நடந்திருக்குமா? வேலையை விட்ட பலர் "நான் பெரிய ஆள்" என்கிற எண்ணத்தை விடுகிறதில்லை. ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டு கிராமத்திலே போய் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

4. அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை

நெகேமியா பன்னிரண்டு வருஷம் அதிபதியாயிருந்தும் அந்தப் பதவிக்குரிய படியை வாங்கவில்லை (5:14). ஜனங்கள் ஏற்கெனவே கடனிலும் வட்டியிலும் நொந்துபோயிருந்தார்கள் என்பதே காரணம் (5:18). தன் பந்தியில் பலருக்குச் சாப்பாடும் போட்டான். நம்முடைய அப்போஸ்தலனாகிய பவுலும் கூடாரம் பண்ணுகிற தொழிலைச் செய்து தன் கையால் பிழைத்தான் (அப். 18:3; 20:34).

இதனால் சம்பளம் வாங்குகிற ஊழியர் தாழ்ந்தவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். வேலையாளுக்குக் கூலி நியாயம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (லூக்கா 10:7). ஆனால் பணச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வேறு சம்பளம் எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. மாலை ஒரு சம்பளம். பத்திரிகையில் போட்டோ ஒரு சம்பளம். "என்னாலதான் இவங்க பிழைச்சாங்க" என்கிற நினைப்பும் ஒரு சம்பளம். "நாங்க உதவி செஞ்சோமே, நீங்க ஏன் சபைக்கு வரலை?" என்று கேட்பதும் சம்பளந்தான். ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுகப்படுத்தினார், திரும்பி வந்தவன் ஒருவனே (லூக்கா 17:11-19). மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டது உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே!

5. நிலைத்திருந்தான்

பன்னிரண்டு வருஷம் என்று வாசித்தோம். லண்டனில் 1879-ல் வசதியான குடும்பத்தில் பிறந்து, சித்திரம் வரையப் படித்த ஈவ்லின் பிராண்ட் அம்மையார் நம்முடைய கொல்லிமலைக்குக் கணவர் ஜெசி பிராண்டோடு வந்தார். 1929-ல் கணவர் காய்ச்சலால் மரித்தார். அம்மையார் திரும்பிப் போய்விடவில்லை. எழுபது வயதை நெருங்கினபோது மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ சங்கத்தின் ஆதரவு இல்லாமலே மலை ஜனங்களிடம் திரும்பினார். கல்வராயன் மலை போன்ற மற்ற மலைகளுக்கும் போனார். நடக்க முடியாத வயதில் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டும், மலைக் குதிரையில் ஏறிக்கொண்டும் ஊர் ஊராய்ப் போய் வந்தார். 1974-ல் 95 வயதில் மரித்தார். குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த வேலூர் டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன்தான்.

நம்முடைய விசுவாசத்தைச் சேராத ஒருவரையும் நினைக்கவேண்டும். பாபா ஆம்தே மகாராஷ்டிராவின் வரோராவில் வக்கீல், செல்வக் குடும்பத்தவர். சாகக்கிடந்த ஒரு குஷ்டரோகியைக் கண்டு பயந்து ஓடினார். அந்தப் பயமே அவரைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்தார், கல்கத்தாவில் குஷ்டரோக சிகிச்சையைப் படித்தார், மனைவி சாதனாவோடு கல்லும் முள்ளுமான நிலத்தில் ஆனந்தவனம் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். 2008-ல் மரிக்கும்வரை அவர் சேவையை விடவில்லை. பிள்ளைகளும் அதே வேலையில் இறங்கினார்கள். நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கிற நாம் இதைக் கேட்டு வெட்கப்படவேண்டாமா?

வேலையில் இருக்கிறவர்களுக்கு

"அப்போ நாங்க எல்லாரும் ராஜினாமா பண்ணணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. நெகேமியா ஒருவன்தான் அரமனையை விட்டு வந்தான். அலங்கத்தைக் கட்டினது தட்டார், தைலக்காரர், வியாபாரிகள், ஆசாரியர்கள், சல்லூமின் குமாரத்திகள் எல்லாரும் சேர்ந்துதான். பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள் (நெகே. 3). உங்கள் தெருவில் பள்ளிக்கூடத்தை நிறுத்தின பிள்ளை இருக்கிறதா? தனியாய்க் கிடக்கிற முதியவர் இருக்கிறாரா? அதுவே உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள இடிபாடு.

சபையாகவும் நமக்குக் கடமை உண்டு. ஒருவர் சம்பளத்தை விட்டுப் போகும்போது கைதட்டி அனுப்பிவிட்டு மறந்துபோகாதிருங்கள். அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்றா என்று விசாரியுங்கள். சம்பளமில்லாமல் ஊழியஞ்செய்ய அவருக்கு அழைப்பு. அவரைப் பட்டினி போட நமக்கு அழைப்பு இல்லை.

சிந்திக்க

1. என் பாரம் நாலு மாதம் ஜெபித்தபின்பும் அப்படியே இருக்கிறதா?
2. என் தீர்மானத்துக்கு வீட்டில் யார் விலை கொடுக்கப்போகிறார்கள்? அவர்களிடம் பேசினேனா?
3. போகிற இடத்து ஜனங்களுக்குப் பயன்படுகிற தொழில் என் கையில் என்ன இருக்கிறது?
4. யாரும் நன்றி சொல்லாவிட்டாலும் பன்னிரண்டு வருஷம் நிற்பேனா?

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் கண்ணீரை உமது சமுகத்தில் சோதித்துப் பாரும். விடச்சொல்லும்போது விடவும், காத்திருக்கச் சொல்லும்போது காத்திருக்கவும், போன இடத்தில் நிலைத்திருக்கவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!