தாழ்த்திய காரும் தவறாத சக்கரமும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர்)

பந்தயக் கார்களைப் படத்தில் கண்டவர்கள், அவை தரையோடு தரையாகப் படுத்திருப்பதைக் கவனித்திருப்பர். அந்த அழகில் மயங்கித் தம் காரையும் அவ்வாறே தாழ்த்திக்கொள்ள விரும்புவோர் உலகெங்கும் உண்டு. தாழ்த்துவது எளிது; தாழ்த்திய பின் நான்கு சக்கரங்களையும் உரிய கோணத்தில் நிறுத்துவதே கடினம். இதன் காரணத்தை நாம் வகுப்பில் கற்கும் இயற்பியலைக் கொண்டே காண்போம்.

தாழ்த்துவது ஏன்?

கார் வளைவில் திரும்பும்போது, உட்புறச் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இவ்வாறு மாறும் சுமை, ஈர்ப்பு மையத்தின் உயரத்திற்கு நேர்விகிதத்திலும், இடவலச் சக்கரங்களின் இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். காரின் எடை 1,000 கிலோ, ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 செ.மீ., சக்கர இடைவெளி 140 செ.மீ., பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு என்று கொள்வோம். மாறும் சுமை ஏறக்குறைய 286 கிலோ. ஈர்ப்பு மையம் 3 செ.மீ. தாழ்ந்தால் அது 269 கிலோவாகக் குறையும். ஆதாயம் 6 சதவீதமே! இந்தச் சிறு ஆதாயத்தைச் சக்கரக் கோணம் கெடுவதால் இழந்துவிடலாம்.

மூன்று கோணங்கள்

காரை முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கையில் ஸ்டியரிங் திரும்பும் அச்சு சாய்ந்திருப்பது காஸ்டர். மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ இருப்பது டோ.

மூன்றிலும் டயரை விரைவில் தின்பது டோதான். 60 செ.மீ. விட்டமுள்ள இரு சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளிக்கும் பின்விளிம்பு இடைவெளிக்கும் 6 மி.மீ. வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 3 மி.மீ.; அதாவது 200-இல் 1 பங்கு. ஆகவே, கார் 1 கி.மீ. ஓடுவதற்குள் ஒவ்வொரு டயரும் 5 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்று, டயர்க் கடையொன்றில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறார். டயரின் மேல் உள்ளங்கையை ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், ஒருமுறை வெளியிலிருந்து உள்ளேயும் தடவுவார். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால், "டோ போயிருக்கு" என்பார். சென்ற ஆண்டு, அவர் அலைன்மென்ட் பார்த்து அனுப்பிய கார் ஒன்று மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது. முன் டயர்களின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. இடையில் கார்க்காரர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார். ஆயினும் பழி அண்ணன் மேல் விழுந்தது, சம்பளத்திலும் பிடித்தம். அங்கு நடந்தது என்ன?

இருவகை அமைப்பு

1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு உண்டு. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் தாங்குகின்றன. மேற்கை குட்டை. காரைத் தாழ்த்தும்போது அது சக்கரத்தின் மேற்பகுதியை அதிகமாக உள்ளிழுக்கிறது. கூடிய சாய்வைச் சரிசெய்யக் கீழ்க்கைகளின் அடியில் மையம் விலகிய போல்ட்டுகளை வைத்துள்ளனர். அவற்றைத் திருப்பினால் கோணங்கள் மாறும். அளவோடு தாழ்த்தினால் இக்காரை மீண்டும் ஒழுங்குபடுத்த இயலும்.

மாருதி 800 போன்ற சிறு கார்களின் முன்சக்கரங்களுக்கு மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. இதில் மேற்கை இல்லை. மிகையாகத் தாழ்த்தினால் கீழ்க்கை சக்கரத்தை நோக்கி மேலேறி நிற்கும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கிவிடும். இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் கூடுவதால் திருப்புத்திறனும் கூடுகிறது. சாய்வைக் குறைக்கத் தாழ்த்திய கார், சாயும் போக்கை அதிகமாகப் பெறுகிறது! மேலும், ஸ்டியரிங்கின் டை ராடும் கீழ்க்கையும் வெவ்வேறு வட்டவில்லில் இயங்குவதால், உயரம் மாறியவுடனே டோவும் மாறுகிறது. அண்ணன் வைத்த அளவு ஸ்பிரிங்கை வெட்டிய அன்றே செல்லாததாகிவிட்டது.

முறையான வழி

சுருள்வில்லின் விறைப்பு, சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம் என்று நாம் படித்திருக்கிறோம். 5 சுருளில் 1 வெட்டினால் விறைப்பு 1.25 மடங்காகும், அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேண்டும். நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவதோ எஃகின் பதத்தையே அழிக்கும். ஆதலின், அந்தக் காருக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கைப் பொருத்துவதே நல்லது.

பொருத்தியபின் காரைச் சிறிது தூரம் ஓட்டி அமரவிட வேண்டும். கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும். தூக்கிவைத்து முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். பிறகு காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சமதரையில் நிறுத்தி, முதலில் பின்சக்கரங்களையும் அடுத்து முன்சக்கரங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டும். காஸ்டர், கேம்பர், டோ என்பதே வரிசை. முதலிரண்டை அசைத்தால் டோவும் அசையுமாதலால் அது கடைசி.

நண்பர்களே! ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு இணைந்த அனைத்தும் மாறும் என்பதே இதில் நாம் பெறும் பாடம். இக்கட்டுரையை எழுதுமுன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமேடா" என்றார். அன்று அவருக்குக் கை அறிந்திருந்தது. எனக்குக் கணக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதே நான் கல்லூரிக்கு வந்ததன் பயன் என்று கருதுகிறேன்.