பன்றிச் சாப்ஸும் பருவக் கனியும்
(இளங்கலை மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

‘சாப்ஸ்’ என்றவுடன் நமக்கு ஆட்டுக்கறியே நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அச்சொல் பன்றியிறைச்சிக்கும் உரியது. முதுகை ஒட்டிய பகுதியை எலும்போடு சேர்த்து ஓர் அங்குலக் கனத்தில் அறுத்த துண்டே பன்றிச் சாப்ஸ். அதை வாணலியில் வாட்டி, அந்தந்தப் பருவத்துப் பழத்தை வதக்கி மேலே இட்டு உண்பது அவர்கள் வழக்கம்.

இறைச்சிக்கும் பழத்திற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுக்கும். பனிக்காலம் தொடங்குமுன் அவற்றை அறுப்பர். ஆப்பிள் பழுப்பதும் அதே பருவந்தான். ஒரே காலத்தில் கிடைத்தவை ஒரே தட்டில் சேர்ந்தன எனலாம். அமெரிக்காவில் கோடையில் பீச் பழம் அவ்விடத்தைப் பெறுகிறது. பழத்தின் புளிப்பு கொழுப்பின் திகட்டலைக் குறைக்கிறது. நாம் மீனுக்குப் புளி சேர்ப்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

ஆயினும் இவ்வுணவின் வரலாற்றில் சுவையைக் காட்டிலும் அச்சமே பெரும்பங்கு கொண்டது. 1835ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்னும் முதலாண்டு மருத்துவ மாணவர் பிணத்தை அறுத்துப் பயிலும்போது, தசையில் மணல் போன்ற புள்ளிகளைக் கண்டார். மற்றவர்கள் கத்தி மழுங்குகிறதே என்று குறைபட்டதோடு விட்ட புள்ளிகளை இவர் உருப்பெருக்கியால் நோக்கினார். உள்ளே சுருண்ட புழு இருந்தது. (நம் ஆய்வுக்கூடத் தோழர்கள் கவனிக்க!) அதுவே டிரைக்கினெல்லா. அது மனிதரைக் கொல்லவும் கூடும் என்பதையும், பன்றியிறைச்சியின் வழியே வருகிறது என்பதையும் 1860இல் ஜெர்மானிய அறிஞர் சென்கர் மெய்ப்பித்தார்.

அதன்பின் பன்றியிறைச்சியைக் காய்ந்த கட்டை போலாகும்வரை வேகவைக்கும் பழக்கம் ஊன்றியது. உண்மையில் இப்புழு இறக்க 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு நிமிடம் போதும். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டு இறைச்சிக்கு விதித்திருந்த 71 டிகிரியை 2011இல் 63 டிகிரியாகக் குறைத்தது. இறக்கிய பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்றும் கூறியது. கொத்துக்கறிக்கு 71 டிகிரியே நீடிக்கிறது.

அந்த 63 டிகிரியை நாம் அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று என்பது என் கருத்து. அது சோதனைக்குட்பட்ட பண்ணை இறைச்சிக்கு வகுத்த அளவு. நம் நாட்டில் திறந்தவெளியில் மேயும் பன்றிகளிடம் டீனியா சோலியம் என்னும் நாடாப்புழுவின் கூட்டுப்பருவம் காணப்படுகிறது. வேகாத இறைச்சியோடு அது உட்சென்றால் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, நீர், காய்கறி வழியாகப் பிறர் உடலுக்குள் சென்றால் மூளையில் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். பன்றியிறைச்சியைத் தொடாதவருக்கும் இந்நோய் வருவது இதனால்தான். ஆகவே இங்கு 71 டிகிரியே தக்கது. அதற்கு மேல் போவதிலும் பயனில்லை.

இனிச் செய்முறை. துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவி அரைமணி வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் இறைச்சி அவியுமே தவிரச் சிவக்காது. புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடி நிறமும் மணமும் தரும் இவ்வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலார் மயார். கனத்த வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் இருபுறமும் சிவக்க விட்டு, பின் தீயைக் குறைக்கலாம். வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுச்சதை வரை செருக வேண்டும். எலும்பில் பட்டால் அளவு பிழைபடும்.

துண்டை எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் சிறிது வெண்ணெயிட்டு ஆப்பிள் துண்டுகளை வதக்கி, கொஞ்சம் நீர் தெளித்து, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலக்க வேண்டும். பழம் வெறும் இனிப்பாயிருந்தால் எலுமிச்சைச் சாறு பிழியலாம். ஆப்பிளிலுள்ள பெக்டின் சாற்றைக் குழம்பாக்கிவிடும், மாவு வேண்டா. அன்னாசியும் ஏற்றதே. ஆனால் பச்சை அன்னாசியை இறைச்சியில் ஊறவிட்டால் அதிலுள்ள புரோமிலைன் என்னும் நொதி புரதத்தைச் சிதைத்துக் கூழாக்கும். வதக்கினால் அந்நொதி செயலிழந்துவிடும்.