அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே சொல்வோம்

 



சில வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், "கிறிஸ்தவர்கள் தந்தை, தாய், மகன் என்று மூன்று கடவுள்களை வணங்குகிறார்கள்" என்று பேசிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். "ஹஜ்ரத், நீங்க சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கிறிஸ்தவர். 'பாய், எங்க சபையில யாருமே அப்படிச் சொல்றதில்லையே' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்றார். எனக்கும் தெரியவில்லை. மிம்பரில் நின்று விசாரிக்காமல் பேசியிருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

அன்றிரவு இமாம் ஷஹ்ரஸ்தானி (ரஹ்) அவர்களின் 'அல்மிலல் வன்னிஹல்' நூலை எடுத்தேன். ஹிஜ்ரி 548-ல் மறைந்த பெரும் அறிஞர் அவர். ஒவ்வொரு கூட்டத்தாரின் கொள்கையையும் அவர்களின் நூல்களில் உள்ளபடியே, பாரபட்சமின்றி எடுத்துச் சொல்வேன் என்பதை முன்னுரையிலேயே தனக்கு நிபந்தனையாக்கிக் கொள்கிறார். கிறிஸ்தவர்களை மல்கானிய்யா, நஸ்தூரிய்யா, யஃகூபிய்யா என்று மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரித்துப் பேசுகிறார். நாமோ ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்!

அவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்?

கத்தோலிக்கர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார், பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபையார் ஆகியோர் கடவுள் ஒருவரே என்கிறார்கள். அந்த ஒருவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்பது அவர்களின் நம்பிக்கை. அரபுக் கிறிஸ்தவர்கள் இந்த 'ஆள்' என்பதை 'உக்னூம்' என்பார்கள். இந்த மூவரில் மர்யம் (அலை) அவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை.

இந்தக் கொள்கை வாதங்களுக்கிடையே வரையறுக்கப்பட்டது. குமாரன் படைக்கப்பட்டவரே என்றார் அலெக்சாந்திரியாவின் அரியூஸ். கி.பி. 325-ல் இன்றைய துருக்கியிலுள்ள நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். 451-ல் கல்கதோன் சபை, இயேசுவிடம் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டு இயல்புகள் உண்டு என்று தீர்மானித்தது. எகிப்தின் கோப்திகளும் அர்மீனியர்களும் அதை இன்றுவரை ஏற்கவில்லை. ஷஹ்ரஸ்தானி சொன்ன பிரிவுகளின் வேர் இத்தகைய வாதங்களில்தான் இருக்கிறது.

கடவுளை உருவமாகக் காட்டுவதிலும் அவர்கள் ஒன்றல்ல. ரோமின் சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கேலேஞ்சலோ கடவுளை வெண்தாடி முதியவராக வரைந்தார். 1512-ல் அந்த வேலை முடிந்தது. ஆனால் 1667-ல் மாஸ்கோவில் கூடிய ஆர்த்தடாக்ஸ் சபை, யாரும் கண்டிராத பிதாவை அப்படி வரையக்கூடாது என்று தடுத்தது. புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றின் தொழுமிடங்களில் உருவமே கிடையாது.

திரித்துவத்தையே மறுப்பவர்களும் கிறிஸ்தவர் என்ற பெயரில் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள், இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பு என்கிறார்கள். பெந்தெகொஸ்தேயினரில் ஒரு பிரிவினரோ மூன்று ஆட்கள் இல்லை, ஒரே கடவுள்தான், அவரே இயேசுவாக வந்தார் என்கிறார்கள். மறுத்ததற்காக உயிரைக் கொடுத்தவரும் உண்டு: 1553-ல் ஜெனீவாவில் மைக்கேல் செர்வேட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அருமைச் சகோதரர்களே! இவ்வளவையும் சொல்வது நம் கொள்கையைத் தளர்த்துவதற்காக அல்ல. அல்லாஹ் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவில்லை. அவனுக்கு நிகராக எவரும் இல்லை. ஈஸா (அலை) அவர்கள் அவனுடைய அடியார், தூதர். இதில் நமக்குச் சந்தேகமில்லை. அவர்கள் 'ஒருவர்' என்று சொல்வதும் நம் தவ்ஹீதும் ஒன்றல்ல. ஆனால் அந்த உண்மையான வேறுபாட்டைச் சொல்ல நமக்குப் பொய் தேவையில்லை. அவர்கள் சொல்லாத ஒன்றை மறுத்தால், நாம் மறுத்தது அவர்களை அல்ல, நம் கற்பனையை!

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அல்மாயிதா 5:8-ல் அல்லாஹ் கட்டளையிடுகிறான். வேதக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதை ஆலு இம்ரான் 3:113 நமக்கு நினைவூட்டுகிறது. கேட்டதையெல்லாம் அப்படியே பரப்புவது ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை மிம்பரில் நிற்பவருக்குத்தான் முதலில்!

ஆகவே, பக்கத்துக் கடைக்காரரின் நம்பிக்கையை வாட்ஸ்அப்பில் தேடாதீர்கள். அவரிடமே கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பிறகு உங்கள் நம்பிக்கையை அழகிய முறையில் சொல்லுங்கள். நான் அந்தப் பெரியவரோடு அந்தக் கடைக்குப் போய், "நான் பேசியது தவறு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "ஹஜ்ரத், இப்ப நீங்க என்ன நம்புறீங்கன்னு சொல்லுங்க" என்று அவரே கேட்டார்.

அல்லாஹுத்தஆலா நம் நாவுகளில் உண்மையையும், நம் உள்ளங்களில் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.