இறுமாப்பு: சொற்பொருள் விளக்கம்

இறுமா என்னும் வினையடியாற் பிறந்த இறுமாப்பு என்னுஞ் சொற்கு, தன்னைத் தானே மெச்சி நிறைவடைதலாகிய செருக்கென்பதே உலகவழக்கிற் பொருள். இப்பொருளொன்றையே கற்பிப்போமாயின், அப்பர் சுவாமிகள் அருளிய திருவங்கமாலையை ஓதும் மாணாக்கர் மயங்குவர். நான்காந் திருமுறையிலுள்ள அப்பதிகத்திலே சுவாமிகள், ஈசனுடைய கணங்களுள் ஒருவராக எண்ணப்பெற்று அவன் திருவடிக்கீழ் இருக்கும் பேற்றை விழைந்து, அவ்விருப்பினை இறுமாந்திருத்தல் என்றே குறித்தனர். ஆண்டு அச்சொல் பேரின்பக் களிப்பை உணர்த்தும்.

சொல் ஒன்றே, பற்றுக்கோடு வேறு. தன்னைத் தானே பெரியனாக எண்ணிக் களித்தல் ஆணவத்தின் செயல். இறைவனால் எண்ணப்பட்டுக் களித்தல் அடிமைத்திறம். பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளையை வாழ்த்துங்கால் இவ்வேறுபாட்டை விளக்குக. தன்னளவில் நிறைவடைந்தோன் மேலுங் கல்லான். ஆசிரியராகிய நமக்கும் இஃதொக்கும்.