ஃப்ரேம்வொர்க் அப்டேட்: வீட்டிலிருந்து வெப்சைட் செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மயிலாடுதுறையில் வீட்டில் இருந்தபடியே திருக்கடையூர் அறுபதாம் கல்யாண மண்டபத்துக்கும் சீர்காழி அரிசி ஆலைக்கும் வெப்சைட் செய்துகொடுக்கும் பிள்ளைகளுக்காக இது. ரியாக்ட், ஆங்குலர், வியூ என்று ஏதாவது ஒன்றில் புது வெர்ஷன் வந்துகொண்டேதான் இருக்கும். எதை அன்றைக்கே போட வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் இல்லை.

1. வெர்ஷனில் மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண் மாறினால் பழுது நீக்கியிருக்கிறார்கள். நடு எண் மாறினால் புது வசதி வந்திருக்கிறது. முதல் எண் மாறினால் பழைய கோடு சில இடங்களில் ஓடாமல் போகலாம்; முகூர்த்த மாதத்தில் மண்டபத்து சைட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

2. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 2025 டிசம்பர் 3 அன்று ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. லாகின் எதுவும் இல்லாமலே வெளியாள் உங்கள் சர்வரில் தன் கோடை ஓட்டிவிடலாம். அபாயத்துக்குக் கொடுத்த மதிப்பெண் 10-க்கு 10. 19.0, 19.1.0, 19.1.1, 19.2.0 ஆகியவை சிக்கின. நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஆப் ரவுட்டர் வைத்துச் செய்தவர்களும் மாட்டினார்கள். பிரவுசரில் மட்டும் ஓடும் ரியாக்டுக்கு இதனால் ஆபத்தில்லை. முதல் திருத்தத்துக்குப் பின்னும் அதே மாதம் அடுத்த திருத்தங்கள் வந்தன. அதனால் '19.2.1 போட்டாயிற்று' என்று இருந்துவிடாமல், உங்கள் வரிசையில் கடைசியாக எது வந்திருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

3. மற்றபடி, அன்றைக்கு வெளியான பேக்கேஜை அன்றைக்கே இறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் திருட்டுக் கோடு புகுந்தது. பராமரிப்பவருக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி அவர் கணக்கைப் பிடித்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் அகற்றினார்கள். ஒரு நாள் பொறுத்தவர்களுக்குச் சேதமில்லை. என்பிஎம்முக்குப் பதிலாகப் பேக்கேஜ் இறக்க உதவும் பிஎன்பிஎம் கருவியில், 10.16 முதல் 'மினிமம் ரிலீஸ் ஏஜ்' என்ற அமைப்பு இருக்கிறது. நிமிடக் கணக்கில் 1440 என்று போட்டால், ஒரு நாள் ஆகாத எதுவும் உள்ளே வராது. இரண்டாம் குறிப்பில் சொன்ன அவசரத்துக்கு ரியாக்டை மட்டும் விலக்கிவைக்கவும் அதிலேயே வழி உண்டு.

4. லாக் ஃபைலை கிட்டில் சேர்த்துவையுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போதும்.

5. ஆங்குலருக்குப் பருவம் உண்டு. 20 வந்தது 2025 மே, 21 வந்தது நவம்பர். குறுவைக்கு நாற்று விடும் சமயத்தில் ஒன்று, தாளடி நடவில் ஒன்று என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 18 மாதம். 17-லிருந்து 20-க்கு ஒரேயடியாகத் தாவாமல் 18, 19 என்று படிப்படியாக ஏறுங்கள்.

6. கைவிடப்பட்டவற்றில் புது வேலை தொடங்காதீர்கள். வியூ 2-க்கு ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓரங்கட்டிவிட்டது. பழைய பயிற்சி நோட்டில் அது இருந்தாலும் நீங்கள் 'வீட்' (Vite) கருவியில் தொடங்குங்கள்.

7. மேலே 'வீட்' என்றது வைட் என்றும் சிலர் சொல்லும் கருவியை. அதன் 7-ஆம் வெர்ஷனுக்கு நோட் ஜேஎஸ் 20.19+ அல்லது 22.12+ வேண்டும். முதலில் நோடைப் பாருங்கள்.

8. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்தால், முந்தின நாள் இரவே இன்ஸ்டாலை முடித்துவிடுங்கள். பிஎன்பிஎம் ஒரு பேக்கேஜை ஒரு முறைதான் இறக்கும், எல்லா புராஜெக்டும் அதையே பகிர்ந்துகொள்ளும். மொபைல் டேட்டாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

9. தமிழ் எழுத்தை எண்ண லைப்ரரி தேட வேண்டாம். 'மயிலாடுதுறை'க்கு ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 11 என்று சொல்லும். இருப்பது ஆறு எழுத்து. பிரவுசரிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) ஆறு என்று சரியாகச் சொல்லும். 2024 முதல் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பெயர் கட்டத்துக்கு எழுத்து வரம்பு வைக்கும்போது இதைப் பயன்படுத்தினால், நீளமான தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் பாதியில் நிற்க மாட்டார்கள்.

10. முகவரிப் படிவத்துக்கு ஆயத்தமான மாவட்டப் பட்டியலை எடுத்துப் போட்டால், அதில் 38 மாவட்டங்கள் உண்டா என்று எண்ணுங்கள். 2020 டிசம்பர் 28-க்கு முந்தைய பட்டியலில் நம் ஊர் நாகப்பட்டினத்துக்குள்தான் கிடக்கும்.